உனக்காக நான் போட்ட கையெழுத்து

என் புவனாக்குட்டிக்கு,

முதலில் ஒரு செய்தி. கல்லூரியில் உன் பெயரில் ஓர் அறை திறந்திருக்கிறார்கள். லிப்டுக்குப் பக்கத்தில் முன்பு போட்டோஸ்டாட் கடை இருந்ததே, அந்த இடம்தான். சுவருக்கு இளம்பச்சை அடித்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத இரண்டு மெத்தை நாற்காலிகளைப் போட்டு, வாசலில் உன் பெயரையும் 'மாணவர் நல மையம்' என்பதையும் மூன்று மொழியில் எழுதியிருக்கிறார்கள். உள்ளே உன் படம். பதிவுப் படிவத்துக்காக முறைத்துக்கொண்டு எடுத்த படம். நீ பார்த்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பாய்.

நீ இருந்தவரை உன் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத முதல்வர், அன்றைக்குத் தன் மடியில் வளர்ந்த பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். ரிப்பன் வெட்டினார். மீ கோரிங் வைத்தார்கள். எல்லாரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

நெருங்கிய தோழி என்று என்னையும் பேசச் சொன்னார்கள். எப்போதும் சிரித்த முகம், யாரிடமும் கோபித்ததில்லை என்று, செத்துப்போன எல்லாரைப் பற்றியும் சொல்வதை இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். நீ கோபக்காரி என்று எனக்குத் தெரியாதா? சொல்ல வேண்டியது வேறு. அதை இங்கே, பத்திரிகையில் அச்சாகப்போகும் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது. புவனாவின் அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். கொள்கலன் ஏற்றும் இடத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அம்மா இல்லாத வீடு; சமையலும் அவரைப் பார்த்துக்கொள்வதும் இவள்தான். இவள் அப்பாவுக்குத் தெரியாமல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் காலை ஷிப்டுக்குச் சேர்ந்தாள். வீட்டில் கேட்டால் வகுப்புக்குப் போகிறேன் என்பாள். நான் இவளைவிட இரண்டு வயது பெரியவள். ஒரு பருவம் தோற்று, இவள் வகுப்பில் வந்து விழுந்தவள்.

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் பாலத்துக்குக் கீழே வடை வாங்கிக்கொண்டு நின்றோமே, நினைவிருக்கிறதா?

"க்கா, நாளைலேருந்து அட்டெண்டன்ஸ்ல என் சைனையும் சேர்த்துப் போட்டுடுங்க. பர்சன்டேஜ் கொறைஞ்சா வார்னிங் லெட்டர் வீட்டுக்குப் போயிடும்."

"போனா என்ன? அப்பாகிட்ட சொல்லிடு லா."

"சொன்னா அந்த மனுசன் மறுநாளே கட்டுப் போட்ட காலோட லோரி ஏறிடுவாரு."

வடை சுற்றி வந்த காகிதத்திலேயே சொல்லிக்கொடுத்தாய். முதல் எழுத்து பெரிதாக, கடைசி எழுத்தின் வால் மேலே போய், கீழே இரண்டு கோடு. பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. "என்னைவிட நல்லா போடுறீங்கக்கா" என்று சிரித்தாய். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

நாலு மாதம் போட்டேன். நான் மட்டுமா? வகுப்பில் பாதிப் பேர் ஒருவருக்கு ஒருவர் போட்டுக்கொள்வோம். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் உதவி. முப்பது கையெழுத்து இருக்கும், இருபது தலைகூட இருக்காது. விரிவுரையாளர் ஒரு நாளும் நிமிர்ந்து எண்ணியதில்லை. நீ வந்த ஒன்றிரண்டு நாளும் கையெழுத்தை என்னிடமே விட்டுவிட்டு மேசையில் தலைவைத்துத் தூங்குவாய். அவர் "குட் மார்னிங்" என்று கிண்டல் பண்ணுவார். வகுப்பே சிரிக்கும். ஏன் தூங்குகிறாய் என்று ஒருவர் கேட்டாரா?

அன்றைக்கு ஷிப்டு முடிந்து, மாலை டியூட்டோரியலுக்காவது முகம் காட்டலாம் என்று அப்பாவின் மோட்டாரில் வந்துகொண்டிருந்தாய். நல்ல பகல் வெளிச்சம். வண்டி ஓட்டும்போதே கண் அசந்துவிட்டாய் என்றது போலீஸ். எனக்குத் தொலைபேசி வந்தபோது காலை வகுப்புத் தாளில் நீ வந்திருந்தாய். நான்தான் உன்னை வரவைத்திருந்தேன்.

திறப்பு விழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் சாந்தி என்ற அதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தேன். இந்த மையத்தில் என்னதான் செய்வீர்கள் என்று ஒப்புக்குத்தான் கேட்டேன்.

"யாராச்சும் தொடர்ந்து மூணு நாள் வரலைன்னா லிஸ்ட் எங்களுக்கு வந்திடும். கூப்பிட்டுப் பேசுவோம். வேலைக்குப் போற பிள்ளைங்கன்னா சாயங்கால கிளாஸுக்கு மாத்திக் குடுப்போம். கஷ்டம்னா பீஸ் தள்ளிக் கட்ட விடுவோம்."

"இதெல்லாம் இப்பதான் ஆரம்பிச்சதா?"

"இல்லியே, பல வருசமா இருக்கு. முன்ன மேல் மாடியில இருந்துச்சு. புவனேஸ்வரி பேரு மட்டும் ஒரு தடவைகூட லிஸ்ட்ல வரல. அதான் எங்களுக்கும் புரியல."

எனக்குப் புரிந்தது.

அந்த மேல்மாடி அறையை நாம் என்ன சொல்லி வைத்திருந்தோம்? மண்டை சரியில்லாதவர்கள் போகும் இடம். போனால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். நான்கூட அப்படித்தான் சொன்னேன். மாலை வகுப்புக்கு மாற்றியிருந்தால் நீ ஷிப்டு முடிந்து கொஞ்சம் தூங்கிவிட்டு வந்திருப்பாய். அவ்வளவுதான் உனக்கு வேண்டியிருந்தது, கொஞ்சம் தூக்கம்.

கல்லூரி மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. வயிறெரிகிறது. ஓர் ஆளை ஆளாகப் பார்க்க நேரமில்லாமல் தாளைப் பார்த்து நடத்துகிறவர்கள் அவர்கள். ஆனால் அந்தத் தாளில் இருந்தது நான்.

போன வாரம் சாலாக் செலாத்தானில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லிவிடத்தான் போனேன். அவர் நொண்டி நொண்டிப் போய்த் தேநீர் கலக்கி வந்தார். சாமி மேடையில் உன் படத்துக்குப் பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை எடுத்தார். உள்ளே வருகைத் தாளின் நகல்கள். நீ போன புதிதில் அவர் கல்லூரிக்குப் போய், பிள்ளை இப்படிக் கஷ்டப்பட்டது யாருக்குமே தெரியலையா என்று கேட்டிருக்கிறார். "அங்கிள், அவ ஒரு கிளாஸ்கூட மிஸ் பண்ணல, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கையில் இதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"பாத்தியாம்மா. ஷிப்டு மாறி மாறி வந்திருக்கும்போல. வேலையும் பாத்துகிட்டு, ஒரு நாள் விடாமப் போயிருக்கா. அதான் புகார் எழுதினத நான் குடுக்கல. காலேஜ் மேல என்ன தப்பு, சொல்லு?"

ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சந்தனப் பொட்டு. அந்த இரண்டு கோட்டின் மேல் விரலால் தடவினார்.

"எம்மவ கையெழுத்துன்னு எங்கிட்ட இருக்கிறது இவ்வளவுதாம்மா."

புவனா, ஒவ்வொன்றும் நான் போட்டது. "சரி அங்கிள், வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். தேநீரைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

விட்டுவிடு, அந்த மனிதருக்கு இருப்பதே அதுதான் என்கிறார்கள் நம் வகுப்பில். எனக்கும் விட்டுவிடத்தான் ஆசை. எனக்கும் அதுதானே வசதி? ஆனால் செவ்வாய்க்கிழமை எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் வரிசையாக இரண்டு பேருக்குக் கையெழுத்துப் போட்டாள். நான் பேனாவைப் பிடுங்கினேன். "என்னக்கா, ஒரு ஹெல்ப்தானே?" என்றாள். உன் பெயர் போட்ட அறை இரண்டு மாடி கீழே இருக்கிறது, புவனா.

விட்ட பாடங்களை ராத்திரியில் உட்கார்ந்து நீ எழுதிய பொருளியல் நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. பரீட்சைக்கு என்று வாங்கியது, திருப்பித் தரவில்லை. நேற்று எடுத்துப் பார்த்தேன். பல பக்கங்களில் வரி நேராகத் தொடங்குகிறது, பாதியில் எழுத்து சரிகிறது, பேனா அப்படியே இழுத்துக்கொண்டு தாளின் அடிவரை போய் நிற்கிறது. நீ தூங்கிப்போன இடங்கள். அப்பாவுக்கு அந்தப் பாடம் ஒன்றும் விளங்காது. அந்தக் கோடுகள் விளங்கும்.

இந்தக் கடிதம் அச்சில் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அந்த நோட்டோடு அவர் முன்னால் போய் உட்காருவேன். கோப்பில் இருப்பது உன் கை இல்லை, என் கை என்று என் வாயால் சொல்வேன். அவர் அந்தப் புகாரை மறுபடி எழுத வேண்டும். அதில் கல்லூரியின் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதச் சொல்வேன்.

நீ வராத நாளெல்லாம் வந்ததாகச் சொன்ன
உன் அக்கா,
தேவகி