உறுதி ஆகாத தண்டனை

அக். 30, வியாழன்

காலையிலிருந்து தூறல். பாலக்கரையில் பஸ் அரை மணி தாமதம். செருப்பு வார் அறுந்தது.

நூலகத்தில், பழைய ராணுவச் சட்டத் தொகுப்பில் இன்று 6 கோப்பு. ஸ்ரீரங்கத்து வேதா ஸ்கேன் செய்ய, நான் படங்களைச் சரிபார்த்துப் படிவம் நிரப்பினேன். நாலாவது கோப்பு, பழைய காலத்துத் திருச்சி சிப்பாய் ஒருவன். காவலை விட்டு நகர்ந்த குற்றம். ராணுவத்தில் என் தம்பி சேவி மேல் இருக்கும் அதே குற்றம்.

சிப்பாயின் அக்காளும் சாட்சி சொல்லியிருக்கிறாள். ‘ஒத்துக்கொள், விட்டுவிடுவார்கள் என்று நான்தான் சொன்னேன்.’ சேவியிடம் போனில் நான் சொன்னதும் இதேதான். ஒத்துக்கொண்டான். பணிநீக்கம், ஆறு மாதம் சிறை. மேலதிகாரி உறுதி செய்யும்வரை தண்டனை செல்லாது. அதற்குத்தான் காத்திருக்கிறோம்.

சிப்பாய் கோப்பில் உறுதி செய்யும் பக்கமே இல்லை. கிழிந்து போயிருக்கிறது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஆனால் படிவத்தில் ‘முடிவு’ என்ற கட்டத்தில் தானாகவே ‘உறுதி’ என்று நிற்கும். கவனிக்காமல் சேமித்துவிட்டேன். கிளம்பும்முன் திருத்தினேன்: ‘உறுதி ஆகவில்லை’.

அக். 31, வெள்ளி

வெயில். வாங்க: மெழுகுவர்த்தி 2 பாக்கெட், சாமந்தி, அம்மாவுக்கு பிபி மாத்திரை.

அந்தக் கோப்பில் மறுபடி ‘உறுதி’. வேதாவைக் கேட்டேன்.

“நான் தொடவே இல்லடி. சேமிக்க மறந்திருப்பே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.”

இருக்கலாம். திருத்தினேன், சேமித்தேன், அவளையும் பார்க்க வைத்தேன். அசட்டுத்தனம்தான். ஆனாலும் சிப்பாய்க்கு உறுதி ஆகாதவரை சேவிக்கும் ஆகாது என்று மனசு அடித்துச் சொல்கிறது. வேதாவிடம் இதைச் சொல்லவில்லை.

நவ. 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். நாலு மணிக்கு அப்பா கல்லறை. துளி காற்று இல்லை. மெழுகுவர்த்தி மூன்று தரம் அணைந்தது.

“சேவி பேசுனானா?” அம்மா.

“பேசுவான்மா. லீவு கேட்டிருக்கான்.”

பொய். அம்மாவுக்கு வழக்கே தெரியாது. மெழுகுவர்த்தி முன்னால் நின்று சொன்னது இன்னும் உறுத்துகிறது.

நவ. 3, திங்கள்

மறுபடி ‘உறுதி’.

வேதாவும் நானும் மாற்றப் பதிவைத் திறந்து பார்த்தோம். மாற்றியவர்: என் பெயர். ஞாயிறு மாலை 4.10. இதே கணினி. நேற்று நூலகம் பூட்டு. நான் கல்லறையில். பேய்க்கு என் பாஸ்வேர்டு எப்படித் தெரியும் என்று கேலி செய்யப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

வேதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “பெருமாளே! அதைத் தொடாதேடி. விட்டுடு.”

எப்படி விடுவது? திருத்தினேன். சேமிப்பதற்குள் சேவி போன்.

“அக்கா, கன்ஃபார்ம் ஆயிடுச்சு. பேப்பர் கைக்கு வந்துடுச்சு.”

என்னால்தானே என்று அழுதேன்.

“நீ அழாதக்கா. ஒத்துக்காம இருந்தா இன்னும் கூடப் போட்டிருப்பாங்க.”

எப்போது கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டேன்.

“நேத்து சாயங்காலம். ஞாயித்துக்கெழமைகூட விடலக்கா. இரு, நேரம் போட்டிருக்கு, பாத்துச் சொல்றேன்.”

“சொல்லாதே” என்றேன்.