மெசினுக்குப் பிடித்த குடை

லண்டன்
3.2.1964

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மத்தியாஸ் எழுதுவது. குளிர் விட்டபாடில்லை. நீங்க பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் திரிகிறேன். நானுஓயா ஸ்டேசனில் மச்சான் கேலி பண்ணிய அதே சட்டைதான் இங்கே மானம் காக்கிறது என்று அவரிடம் சொல்லுங்க.

கொழும்பு வானொலியில் டேப் மெசினோடு கிடந்தவனை இங்கே படிக்க அனுப்பினார்களே, அந்தப் படிப்பில் இப்போது கார்வுட் என்ற இசையமைப்பாளரின் பெட்டிகளைப் பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனார். வாத்தியமே இல்லாமல் இசை செய்தவர். மழை, ரயில், மனிதக் குரல் எல்லாவற்றையும் டேப்பில் பிடித்து, கத்தரித்து ஒட்டி, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் செய்த இசை. அவர் விட்டுப்போன டேப்புகள் எங்கள் கல்லூரியில் இருக்கின்றன. எதை எப்படிச் செய்தார் என்று கேட்டுக் கேட்டு எழுதுவதுதான் என் வேலை.

ஒரு பெட்டியின் மேல் 'பூண்டுலோயா, டிசம்பர் 1956' என்று இருந்தது. உள்ளே ஒரு சின்னத் துண்டு. அவருடைய பேர்பெற்ற படைப்பில் பெண்கள் அழுகிற இடம் அது. அதை இரு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். அக்கா, அது அழுகை இல்லை, சிரிப்பு. சிரிக்குமுன் நீங்க மூச்சை உள்ளே இழுப்பீங்களே, அதே மூச்சு. அது நீங்கதானே? என்ன நடந்தது?

அன்புடன்,
மத்தியாஸ்


இயேசு மரி சூசை துணை

பூண்டுலோயா
19.2.1964

அன்புத் தம்பி மத்தியாசுக்கு அக்கா ஐவி செபத்தோடு எழுதுவது. இங்க எல்லாரும் சுகம். ஒன் மச்சானுக்குத்தான் இருமல் விடல. ஃபாக்டரி டீமேக்கருக்குத் தேயிலைத் தூசும் சம்பளத்தோட சேர்த்திதான்னு சொல்லிக்கிட்டுத் திரியிறார். ஒன் கடிதத்தை அவர் கையில குடுக்கல. மாவு டப்பாவுக்குப் பின்னால வச்சிருக்கேன்.

அது நான்தான். தோட்டத்துப் பெரியதுரை பங்களாவுக்கு விருந்தாளியா வந்தவர் அவர். தவக்காலத்துல நாங்க கோயில்ல பாடுற புலம்பலை மெசின்ல பிடிக்கணும்னு துரை மச்சான்கிட்ட சொல்லியிருக்கார். அது கிறிஸ்துமசுக்கு ஆயத்தம் பண்ற மாசம். பாலன் பிறக்கிறதுக்கு முன்னாடியே அவர் சாவுக்கு எப்படிப் பாடுறதுன்னு கேட்டேன். முடியாதுன்னு துரைகிட்ட நான் எந்த வாயால சொல்லன்னு கேட்டார் மச்சான். போனேன். காளியாயியையும் கூட்டிக்கிட்டேன். அவ சாமி வேற. ஆனா லயத்துல எழவு விழுந்தா அவ குரல் இல்லாம அழுகை எழும்பாது. புனித வெள்ளிக்கும் அவளைத்தானே முன்னால நிறுத்துவோம்.

கோயில் தகரக் கூரையில மழை. சத்தம் கூடினா நிப்பாட்டு, குறைஞ்சா பாடுன்னு அந்த ஆள் கையை ஆட்டிக்கிட்டே இருந்தார். பாட்டுல மாதா மகன் உடம்பை மடியில வாங்குற இடம். கூரை ஒழுகுது. பங்களாவுல சமைக்கிற அப்பு கோயிலுக்குள்ளயே மெசினுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். எங்க தலை நனையுது. காளியாயி என் காதுல, "மெசினுக்குச் சளி பிடிச்சா கசாயம் நீயா வைப்ப?"ன்னா. அவ்வளவுதான். அந்த இடத்துல நான் சிரிச்சேன். அடக்க அடக்க வந்தது. அவளும் சேர்ந்துக்கிட்டா.

சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லியாச்சு, கணக்கு முடிஞ்சதுன்னு இருந்தேன். கோயில் மெழுகுவர்த்திக் கணக்குல ஒன்னு இடிச்சாலும் எனக்குச் சோறு இறங்காது. இது சீமையில ஒரு பெட்டிக்குள்ள உட்கார்ந்திருக்கு, ஊர் உலகம் கேக்குதுன்னா நான் எப்படிப் பீடத்துக்கு முன்னால முழங்கால் போடுவேன்? கத்தரி ஒன் கையிலதான் இருக்கு. அந்தத் துண்டை வெட்டி அடுப்புல போட்டுரு. அக்கா ஒன்கிட்ட வேற எதுவும் கேட்டதில்ல.

ஒனக்காக என்றும் செபிக்கும் அக்கா,
ஐவி


லண்டன்
11.3.1964

அன்புள்ள அக்காவுக்கு,

வெட்ட முடியாது அக்கா. அது கல்லூரிப் பொருள். ஆனால் நீங்க பயப்பட ஒன்றுமில்லை. மெதுவாக ஓட்டி அவரே உங்களை அழ வைத்துவிட்டார். சிரிப்பென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

போன வாரம் ஒரு கூட்டம். இவர் அந்த மலையிலிருந்தே வந்தவர், இவரே சொல்லட்டும் என்று பேராசிரியர் என்னை எழுப்பிவிட்டார். டேப்பைப் போட்டார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன். நம் ஆட்கள் கோயிலில் நின்று சிரித்தார்கள் என்று அந்த முகங்களைப் பார்த்துச் சொல்லக் கூசியது. "ஆமாம், தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இப்படித்தான் அழுவார்கள்" என்றேன். கை தட்டினார்கள். அதைக் கட்டுரையாக அச்சில் போடப் போகிறார்களாம். உங்க பேர் எங்கேயும் வராது. நிம்மதியாக இருங்க.

அன்புடன்,
மத்தியாஸ்


இயேசு மரி சூசை துணை

பூண்டுலோயா
31.3.1964

தம்பி மத்தியாசுக்கு,

ஒன் கடிதம் பெரிய வியாழனன்னிக்கு வந்தது. நிம்மதியா இருன்னு எழுதியிருந்த. இருக்கத்தான் பார்த்தேன். மறுநாள் கோயில்ல மாதா மடியில வாங்குற இடம் வந்ததும் நான் பாட்டை விட்டுட்டேன். காளியாயிதான் கடைசி வரைக்கும் தனியா இழுத்துக்கிட்டுப் போனா.

என்னன்னு கேட்டு அவ விடல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டியாந்து, சிரிப்பை அழுகையாக்கினதையும் கூட்டத்துல நீ சொன்னதையும் சொன்னேன். என்னை மாதிரி அவளும் வெக்கப்படுவான்னு நினைச்சேன். தின்னுக்கிட்டிருந்த பலகாரத்தைக் கீழ வச்சா.

"எம்புள்ளைய குழியில வச்சுட்டு அழுதேனே, அப்ப ஒருத்தனும் மெசினைத் தூக்கிட்டு வரல. சிரிச்சதைக் கொண்டுபோயா அழுகையாக்கிட்டாங்க?"

அப்புறம் கேட்டா, "அந்த ஆளு வெள்ளைக்காரன். அவனுக்கு நம்மளத் தெரியாது. ஒன் தம்பிக்குமா தெரியல?"

தெரியலன்னு சொல்லிட்டேன்.

ஆண்டவர் உயிர்த்த நாளில் சொன்ன பொய். அந்தப் பாவத்தை என் பேரில் எழுதுறதா ஒன் பேரில் எழுதுறதான்னு தெரியாம வச்சிருக்கேன். மறைக்கச் சொன்னவ நான்தான், இல்லங்கல. ஆனா இப்படித்தான் அழுவாங்கன்னு சொல்லச் சொல்லல.

கடிதம் எல்லாத்தையும் மச்சானுக்கும் காட்டிட்டேன். போகச் சொன்னது நான்தானேன்னு சொல்லிட்டு ஃபாக்டரிக்குப் போயிட்டார்.

துண்டை வெட்டாத. அங்கேயே இருக்கட்டும். அச்சுக்குப் போறதுக்குள்ள அது சிரிப்புன்னு எழுது. ஐவி, காளியாயின்னு பேரைப் போடு. கூரை ஒழுகினதையும், குடை எங்க தலைக்கு இல்லாததையும் எழுது. கூசினா கூசிக்கிட்டே எழுது. நானும் அப்படித்தான் எழுதுறேன்.

அச்சானதும் ஒரு பிரதி அனுப்பு. காளியாயிக்கு வாசிச்சுக் காட்டணும். அது வர்ற வரைக்கும் வேற கடிதம் வேணாம்.

ஐவி