கண் திறந்திருந்த படம்

செவ்வாய், இரவு.

தங்கை தேவியின் குழந்தை பிறந்த சில நாளிலேயே போய்விட்டது. அதற்கு முன் ஆஸ்பத்திரியில் குழந்தையைப் படமெடுத்தபோது ஃபிளாஷ் போடக் கூடாது என்றார்கள். என் பழைய லென்ஸுக்கு மங்கிய வெளிச்சமே போதும். கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருகித் திருகிப் பார்த்ததில் ஒரே ஒரு படம் தெளிவாக விழுந்தது.

இன்று பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். தேவியின் கணவர் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் படத்த அவகிட்ட காட்டிடாதீங்க பாவா. தாங்கமாட்டா.”

சரி என்றுதான் உள்ளே போனேன். படம் எடுத்தாயா என்று அவளே கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. படத்தைத் திரையில் வரவைத்துக் கேமராவைக் கொடுத்துவிட்டேன். நெடுநேரம் பார்த்தாள்.

“கண்ணத் தொறந்துகினு இருக்கான்ணா. நான் பாக்கசொல்லல்லாம் தூங்கிகினே இருந்தான்.”

அவர் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். வழியெல்லாம் எனக்கு முன்னாலேயே நடந்தார். செய்தது சரியா, தெரியவில்லை. கேமராவை அவள் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.