லிஃப்ட் கமிட்டி

மார்ச் 3, திங்கள்

கமிட்டி வைக்க இவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. லிஃப்ட்.

எங்கள் மருத்துவமனையில் லிஃப்ட் இரண்டு. ஒன்று பழுதாகி, அதன் வாசலில் யாரோ பூந்தொட்டி வைத்து அழகுபடுத்திவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒன்றில்தான் நோயாளி, சாப்பாட்டு வண்டி, துணி வண்டி எல்லாம் ஏறி இறங்க வேண்டும். போன வாரம் குடல்வால் வெடித்த ஒருவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் நின்றார்கள். நான் மூன்றாம் மாடி ஆபரேஷன் தியேட்டரில் எல்லாம் எடுத்து வைத்துக் காத்திருந்தேன். அவர் வந்து சேர்ந்தபோது செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. இதயம் நின்றது என்று எழுதினோம். லிஃப்ட் நின்றது என்று எழுத ஏது இடம்?

நிர்வாக அதிகாரி உடனே குழு அமைத்துவிட்டார். அவர் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் இருக்கும். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு மார்க்கர் என்றே பெயர். குழுவில் சமையலறை மேற்பார்வையாளர், சலவைப் பிரிவு அக்கா, லிஃப்ட் ஓட்டும் அண்ணன், தியேட்டர் பொறுப்பு நர்ஸாக நான். இத்தனை வருஷம் தியேட்டரில் நின்றதற்குப் பலன், இவர்களோடு வட்டமாக உட்காருவது.

மார்ச் 5, புதன்

முதல் கூட்டம். எங்கள் கையில் ஒரு நூல்கண்டைக் கொடுத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கச் சொன்னார் மார்க்கர். "நாம எல்லாரும் ஒரே நூல்ல கட்டுப்பட்டிருக்கோம், பார்த்தீங்களா?" பார்த்தோம். சமையலறைக்காரரின் கைக்கடிகாரத்தில் நூல் சிக்கிக்கொண்டது. அதை எடுப்பதிலேயே பாதிக் கூட்டம் முடிந்தது.

ஒரு மனிதன் செத்துப் போயிருக்கிறான். நாங்கள் நூல் பிரித்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டாவது கூட்டம். சமையலறைக்காரருக்கு நான் வைத்திருக்கும் பெயர் தொண்டை. பக்கத்தில் இருப்பவரிடமும் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போலத்தான் பேசுவார். "லிஃப்ட்டக் கெடுக்கிறது துணி வண்டிதான்!" என்றார். "உங்க தட்டு வண்டி மணிக்கணக்கா வாசல்ல நிக்குதே, அத யாரு கேக்கறது?" என்றார் அக்கா. லிஃப்ட் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு அவர் லிஃப்டிலேயே இருந்திருக்கலாம்.

நான் என்ன சொன்னேன்? "தியேட்டரால ஒரு தாமதமும் இல்ல" என்றேன். உண்மைதானே.

மார்ச் 11, செவ்வாய்

தீர்வு வந்துவிட்டது! லிஃப்டுக்குள் ஒரு போஸ்டர்: 'நோயாளிக்கே முன்னுரிமை'. சிரித்த முகம் ஒன்றும் போட்டிருக்கிறது. லிஃப்ட் வந்தால்தானே அதைப் படிக்க?

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் பஸ் ஓட்டுகிறவர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "சரி, அந்த நேரத்துல லிஃப்ட் எங்கதான் நின்னுச்சு?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

போஸ்டரின் ஒரு மூலை அதற்குள் பிய்ந்துவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் கீழ்த்தளப் பிரசவ வார்டிலிருந்து அழைப்பு. குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை, உடனே தியேட்டருக்கு வர வேண்டும். நானே படியில் இறங்கி ஓடினேன். அந்தப் பெண்ணின் உதடு வெளுத்திருந்தது. சின்னப் பெண். லிஃப்ட் பொத்தானை அழுத்தினால் அசையவில்லை. எண் நாலிலேயே நிற்கிறது. நாலாம் மாடி. கீழே லிஃப்ட் வாசலில் தட்டு வண்டியோடு தொண்டை, துணி வண்டியோடு அக்கா.

"நிக்காதீங்க, தூக்குங்க!" என்று கத்தியது தொண்டைதான். வண்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு தலைப்பக்கம் பிடித்தார். அக்காவும் வார்டு ஆளும் கால்பக்கம். நான் டிரிப் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். படி திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் சுவரில் முட்டியது. அக்காவின் கை நழுவப் பார்த்தது. அப்போது மேலேயிருந்து தடதடவென்று ஒருவர் இறங்கி வந்து அந்த மூலையைத் தோளில் வாங்கினார். லிஃப்ட் அண்ணன்.

தியேட்டருக்குள் கொண்டு சேர்த்தோம். பிழைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது தொண்டை, அக்கா, அண்ணன் மூவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஏண்ணே, லிஃப்ட்ட எடுத்துட்டு வராம நீங்க எதுக்கு ஓடி வந்தீங்க? தோள்ல தூக்கவா?"

அவர் தலை குனிந்தபடியே சொன்னார். "சீஃப் ரவுண்ட்ஸ் முடிச்சு வர்ற நேரம் சிஸ்டர். கதவு திறந்து இருக்கணும். மார்க்கர் உத்தரவு."

தினமும் காலையில் தலைமை மருத்துவர் நாலாம் மாடியில் நோயாளிகளைப் பார்த்து முடிக்கும்வரை லிஃப்ட் அங்கேயே வாய் பிளந்து நிற்கும். அதனால்தான் கீழே வண்டிகள் சேரும். கிடைத்த நேரத்தில் தொண்டையும் அக்காவும் முட்டி மோதிக்கொள்வார்கள்.

"எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "எனக்கும்தான். உத்தரவு போட்ட அந்தாளே பலகைக்கு முன்னாடி நிக்கும்போது எப்படிச் சொல்றது?" என்றார் தொண்டை. முதல்முறையாக மெதுவாக.

எனக்கும் தெரியும். மூன்றாம் மாடியில் நின்றால் தலைக்கு மேலே அந்தக் கதவு மூட முடியாமல் கீச் கீச்சென்று கத்துவது கேட்கும். தினமும் கேட்டிருக்கிறேன். இவர்களையெல்லாம் முதுகெலும்பில்லாதவர்கள் என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

மார்ச் 20, வியாழன்

நால்வரும் சேர்ந்தே சீஃபிடம் போனோம். தனியாகப் போயிருந்தால் நால்வருமே வாசலோடு திரும்பியிருப்போம். யார் பேசுவது என்று முடிவு செய்யவில்லை. தொண்டை இருக்கும்போது அந்தக் கவலை எதற்கு? அவர் லிஃப்டைச் சொன்னார், அக்கா காத்திருப்பைச் சொன்னார், நான் அந்தப் பெண்ணையும் செத்துப்போனவரையும் சொன்னேன். கடைசியில் அண்ணன், "சார், கதவு திறந்தே வச்சிருக்கேன் சார்" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

சீஃப் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் எப்ப வந்தாலும் லிஃப்ட் நிக்குதே! நம்ம ஆஸ்பத்திரியில லிஃப்ட் மட்டும் நல்லா ஓடுதுன்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன்?"

இந்த அறிவாளிக்காகத்தான் அத்தனையும். லிஃப்டை நிறுத்தி வைக்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. கேட்காத மனிதருக்கு மார்க்கர் காட்டிய விசுவாசம். அங்கேயே ஃபோன் போட்டு உத்தரவை ரத்து செய்தார். செத்துப்போனவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 24, திங்கள்

உத்தரவு ரத்தானதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். தட்டு வண்டியும் துணி வண்டியும் ஒரே நேரத்தில் வந்து மறுபடியும் அடைப்பு. தொண்டையும் அக்காவும் வாசலிலேயே சண்டை. பிறகு அங்கேயே நின்று பேசினார்கள். துணி முதலில் போகட்டும், அது இறங்கும்போது தட்டு ஏறட்டும். ஸ்ட்ரெச்சர் வந்தால் எந்த வண்டியானாலும் அண்ணன் வெளியே தள்ளிவிடலாம், யாரும் அவரைத் திட்டக்கூடாது. நடுவில் இரண்டு முறை திட்டினார்கள். தள்ளிவிட்டார்.

பலகை இல்லை, நூல்கண்டு இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மார்க்கர் எல்லாரையும் பெரிய அறைக்குக் கூப்பிட்டு, 'குழு முயற்சியின் வெற்றி' என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். வட்டங்கள், அம்புகள். கதவைத் திறந்து வைக்கச் சொன்ன உத்தரவுக்கு மட்டும் அம்பு இல்லை. சீஃப் கை தட்டினார். லிஃப்ட் அண்ணனுக்கு அழைப்பே இல்லை. அவர் லிஃப்டில் இருந்தாராம்.

ஏப்ரல் 9, புதன்

ரத்தப் பரிசோதனை முடிவுகள் தாமதமாக வருகின்றன. மார்க்கர் புதுக் குழு அறிவித்துவிட்டார். நாளை பத்து மணிக்குக் கூட்டம், நான் கட்டாயம் வர வேண்டுமாம்.

ஏப்ரல் 10, வியாழன்

ஒன்பது மணிக்குத் தொண்டை தியேட்டர் வாசலில் வந்து நின்று, ஊருக்கே கேட்கும்படி, "சிஸ்டர், மீட்டிங்குக்கு முன்னாடி சலவை ரூமுக்கு வந்துட்டுப் போங்க, லேப்காரரையும் வரச் சொல்லியிருக்கேன்" என்றார்.

சலவை அறையில் ஒரே புழுக்கம். இஸ்திரி ஆவி. உட்கார நாற்காலி இல்லை. அக்கா ஒரு துணி மூட்டையைக் காலால் தள்ளிவிட்டார். தொண்டை சத்தமாகத்தான் டீ உறிஞ்சுகிறார். அந்தச் சத்தம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. லேப்காரர் தயங்கித் தயங்கி, "யார்கிட்டயும் சொல்லாதீங்க..." என்று ஆரம்பித்தார்.

மூட்டையை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பத்து மணிக் கூட்டத்துக்கு நாங்கள் போனபோது மணி பதினொன்று.