காவலுக்கு இருந்த பிள்ளை

ஜூன் 12, 2024, புதன்

பள்ளி திறந்து மூன்றாம் நாள். வெயில் இன்னும் குறையவில்லை. வில்லாபுரத்தில் இன்று நான்கு வீடுகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே குழந்தைகள், அதே கேள்விகள். எப்படித் தூங்குகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், யாரோடு சேர்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். சிறுவயதில் மனதுக்கு வரும் நோவு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. கண்டுபிடிப்பது இம்மானுவேல் சார். அவர் குழந்தைகள் மனநல மருத்துவர். நான் கேட்டு எழுதி வருகிறவள்.

மூன்றாவது வீட்டில் தமிழ்வாணி. ஒன்பது வயது. பள்ளிக்குப் போகாமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“காலையில எந்திரிச்சா வயித்துவலிங்கிறாக்கா,” என்றாள் அம்மா சரண்யாதேவி. “பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து இப்படித்தான். ஸ்கேன் எடுத்தாச்சு, கயிறு கட்டியாச்சு. பத்து மணி ஆனா வலி...” பாதியில் நின்றுவிட்டாள்.

“போயிரும்,” என்று முடித்தது பிள்ளை.

சரண்யா ரொம்ப மெலிந்துவிட்டாள். பேச்சு அங்கங்கே அறுந்துபோகிறது. அறுந்த இடத்திலிருந்து பிள்ளை எடுத்துச் சொல்கிறது. பிள்ளையைத் தனியாகக் கேட்க நேரமில்லை. செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

டிசம்பரில் தமிழ்வாணிக்கு நிரப்பிய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பயம் - இல்லை. கவலை - இல்லை. உடம்பு வலி - இல்லை. அம்மா சொன்ன பக்கமும் அப்படி. பிள்ளை சொன்ன பக்கமும் அப்படி.

பிள்ளை எங்கே சொன்னது? நான் கேட்கவே இல்லையே.

நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அது ஐந்தாவது வீடு. மழை இருட்டிக்கொண்டு வந்தது. அக்டோபரில்தான் சரண்யாவுக்கு ஏழு மாதக் கரு தவறியிருந்தது. அது தெரிந்தும், “அவ நல்ல புள்ளக்கா, ஒரு தொந்தரவும் கெடையாது” என்று அவள் சொன்னதை அப்படியே பிள்ளையின் பக்கத்திலும் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்பது முதல் விதி. பத்து நிமிட வேலை.

வேறு எந்த வீட்டிலும் இப்படிச் செய்ததில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? - சொல்லத்தான் போகிறேனா?

ஜூன் 17, திங்கள்

பெருநாள். வீடு நிறைய ஆட்கள். “என்ன ஆயிஷா, முகமே சரியில்லையே?” என்று வீட்டுக்காரர் உமர் இரண்டு தரம் கேட்டார். வெயில் என்றேன். துஆவில் கையேந்தியபோது அந்தப் பிள்ளை பூண்டு உரித்ததுதான் கண்ணில் நின்றது.

ஜூன் 18, செவ்வாய்

இன்று நடந்ததை விடாமல் எழுதிவிட வேண்டும்.

தமிழ்வாணியோடு முன்னறையில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தலாமா என்றேன். “வேணாம் மிஸ். இங்கேருந்தா அடுப்படி தெரியும்.”

“கவலையா இருக்குமா உனக்கு?”

“கவலைன்னா?”

“மனசுக்குள்ள ஒன்னு ஓடிக்கிட்டே இருக்கும்ல. நிப்பாட்டுனாலும் நிக்காது.”

அடுப்படியை எட்டிப் பார்த்தாள். “ஸ்கூல்ல இருந்தா ஓடும் மிஸ்.”

“என்ன ஓடும்?”

“அம்மா இருக்காங்களான்னு.”

பிறகு அவளாகவே சொன்னாள். தம்பிப் பாப்பா வயிற்றிலேயே இறந்துபோன பிறகு ஒருநாள் அம்மா அப்பாவிடம், ‘நானும் போயிடுறேன், எனக்கு இருக்கப் பிடிக்கல’ என்றாளாம். பிள்ளை தூங்கிவிட்டதாக நினைத்திருக்கிறார்கள். “நான் வீட்ல இருந்தா அம்மா எங்கயும் போகமாட்டாங்க மிஸ். ஆனா வயித்துவலி பொய் இல்ல. நெசமாத்தான் வலிக்குது.”

“பொய்யின்னு யாரு சொன்னா? நெசமாவே வலிக்கும் கண்ணு. அம்புட்டு பயத்தையும் உள்ள வச்சிருந்தா வலிக்காம என்ன செய்யும்?”

அதற்குத்தான் அழுதாள். அதுவும் சத்தம் வராமல், அடுப்படிக்குக் கேட்காமல்.

“அம்மாட்ட சொல்லிராதீங்க மிஸ்.”

யா அல்லாஹ், அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? பொய்ச் சத்தியம் செய்ய மனம் வரவில்லை. “இது நீ ஒத்தையில தூக்குற கனமில்லம்மா. பெரியவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். சொல்லும்போது நீயும் கூட இரு.” கையை உருவிக்கொண்டாள்.

வாசலுக்கு வந்து சாருக்குப் போன் போட்டேன். “அங்கேயே இருங்க. அவங்க வீட்டுக்காரருக்குச் சொல்லுங்க. நான் வாரேன்,” என்றார். அப்பா அழகுபாண்டி காளவாசலில் இறக்கவேண்டிய சரக்கோடு லோடு ஆட்டோவை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சார் சுற்றி வளைக்கவில்லை. “சரண்யா, செத்துப்போகணும்னு நெனப்பு வருதாம்மா?” என்று கேட்டார்.

அவளுக்கு வந்ததே கோபம்! “யாரு சொன்னா? யாரு சார் உங்ககிட்ட சொன்னா?”

“நாந்தாம்மா,” என்றது நிலைப்படியில் நின்ற பிள்ளை.

சரண்யா பிள்ளை பக்கம் திரும்பினாள். “இதுக்காகவா பாப்பா... இதுக்காகவா பள்ளிக்கூடம் போகாம இருந்த?”

பிள்ளை தலையாட்டியது. அழகுபாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, “எங்கிட்ட சொன்னா சார். என்னமோ ஆத்தாமையில சொல்றான்னு நான் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்” என்றார்.

சாயங்காலமே சரண்யாவை மருத்துவமனையில் சேர்த்தோம்.

ஜூன் 19, புதன்

சாரிடம் டிசம்பர் படிவத்தை நீட்டினேன். பிள்ளையின் பக்கம் நானே போட்டது என்றேன்.

வாங்கித் தேதியைப் பார்த்தார். “டிசம்பர்ல கேட்டிருந்தா...” என்று தொடங்கி, முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. ஆறு மாதம் அந்தப் பிள்ளை ஒற்றையாகக் காவல் இருந்திருக்கிறது.

மேலிடத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுமாம். நான் பார்த்த அத்தனை வீடுகளையும் வேறொருவர் மறுபடி விசாரிப்பார். அதுவரை வெளிவேலை கிடையாது, அலுவலகத்தில் தரவு ஏற்றும் வேலை மட்டும். எழுந்தபோது சொன்னார்: “நீங்களா சொன்னதாலதான் இன்னும் இங்க இருக்கீங்க ஆயிஷா.”

ஜூன் 20, வியாழன்

உமரிடம் எல்லாம் சொன்னேன். டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜூலை 9, செவ்வாய்

சரண்யா வீட்டுக்கு வந்து ஒரு வாரம். மருந்து கேட்கிறது. இன்று சாரின் அறைக்கு மூன்று பேரும் வந்திருந்தார்கள். ‘மிஸ்ஸும் வரணும்’ என்று பிள்ளை கேட்டதாம். என்னிடம் கோபம் தீர்ந்துவிட்டதா, தெரியவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சரண்யா ஒரு வாரமாகச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாவுக்கு மனசுக்கு முடியாமப் போச்சு பாப்பா. காய்ச்சல் வருமே, அது மாதிரி. நீ செஞ்ச எதுனாலயும் வரல. இப்ப மாத்திரை சாப்பிடுறேன். மறுபடி அப்படி நெனப்பு வந்தா அப்பாட்ட சொல்லுவேன், டாக்டர்ட்ட சொல்லுவேன். என்னையப் பாத்துக்கிறது அவங்க வேல. உன் வேல இல்ல.”

“அப்ப எனக்கு என்ன வேல?” என்று கேட்டது பிள்ளை.

யாரும் எதிர்பார்க்கவில்லை. சரண்யா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். “ஒனக்கா? நாலாப்பு படிக்கிற வேல.”

ஜூலை 22, திங்கள்

இன்று முதல் தமிழ்வாணிக்குப் பள்ளி, மத்தியானம் வரை மட்டும். சரண்யா பள்ளி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாளாம். அடுத்த வாரம் வாசல் வரை. அதற்கடுத்த வாரம் வீட்டில் இருப்பாள். மதியம் டீச்சர் போனில் பிள்ளை அம்மாவோடு ஒரு நிமிடம் பேசிக்கொள்ளலாம். சார் போட்ட திட்டம். வயிற்றுவலி இருந்திருக்கிறது. வலியோடேயே போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இன்டர்வலில் பிள்ளை பள்ளியை விட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டது. மாத்திரை அசதியில் தூங்கிய சரண்யாவை உலுக்கி உலுக்கி, தெருவே கூடுகிற மாதிரி கத்தியிருக்கிறது. “என்னாலதான்கா, நான் ஏன்தான் தூங்குனேனோ,” என்று சரண்யா போனில் அழுதாள்.

“தூங்குனது தப்பா சரண்யா? எழுந்திரிச்சீங்கல்ல. அதையும் பாத்துச்சுல்ல புள்ள,” என்றேன். சரியாகத்தான் சொன்னேனா?

ஆகஸ்ட் 7, புதன்

இன்று காலை தலைக்குக் குளித்து, பிள்ளைக்கும் சடை போட்டு, மறுபடி கூட்டிப் போயிருக்கிறாள் சரண்யா. மறுபடி வராந்தா. முதலிலிருந்து.

அக்டோபர் 3, வியாழன்

நேற்று காந்தி ஜெயந்தி லீவு. இன்று மதியம் பள்ளியிலிருந்து வழக்கமான போன் வரவில்லை. சரண்யா பயந்துபோய் வேர்க்க விறுவிறுக்கப் பள்ளிக்கு ஓடியிருக்கிறாள். பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மணலில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது.

போன் பண்ண மறந்துபோச்சாம்.

மறந்துபோச்சு! இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

நவம்பர் 18, திங்கள்

மறுவிசாரணை முடிந்தது. மற்ற வீடுகள் எல்லாம் சரியாக இருந்தன. டிசம்பரில் வெளிவேலைக்குப் போகலாம் என்றார் சார். சந்தோஷப்படக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

டிசம்பர் 28, சனி

அரையாண்டு விடுமுறை. படிவத்தோடு வில்லாபுரம் போனேன்.

சரண்யா மட்டும்தான் இருந்தாள். மாத்திரை தொடர்கிறது. சில நாள் எழுந்திருக்கவே முடிவதில்லை என்றாள். அந்த நாட்களில் கணவரிடம் சொல்லிவிடுகிறாளாம். அவரும் வண்டியை எடுப்பதில்லை. போன மாதம், தவறிப்போன குழந்தையைப் பற்றி மூவரும் முதல்முறையாக உட்கார்ந்து பேசினார்களாம். சொன்னபோது அவள் பேச்சு எங்கும் அறுந்துபோகவில்லை.

“பாப்பா எங்க?”

“பின்தெருவுல ஆடுதுக்கா. ரெண்டு தரம் கூப்புட்டேன். இந்தா வாரேன்னு சொல்லுது, வரமாட்டேங்குது. சொன்ன பேச்சே கேக்குறதில்ல இப்பல்லாம்.” கோபமாகச் சொல்லப் பார்த்தாள். முடியவில்லை.

டீ குடித்து முடிப்பதற்குள் தமிழ்வாணி முழங்கால் வரை புழுதியோடு ஓடிவந்தாள். சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். “மிஸ், இன்னைக்கு முடியாது. நான் இன்னும் அவுட் ஆகல. நீங்க அம்மாட்ட பேசிக்கிட்டு இருங்க.” பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடிவிட்டாள்.

திங்கட்கிழமை வருகிறேன் என்று சரண்யாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை திரும்பும் வரை பின்தெருவில் தமிழ்வாணி யாரோடோ சண்டை போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.