சூப்பர்வைசர் ஆன்லைன்

நவம்பர் 10, திங்கள்
தூறல். கம்பெனி பஸ் தாமதம். பனியன் பிசிறு வெட்டி வெட்டி விரலில் கொப்புளம்.

லேடீஸ் பாத்ரூம் சாவி இன்றும் சூப்பர்வைசர் (இனி சூ.) பாக்கெட்டில். கேட்டால் எல்லார் முன்னாலும், "இப்பத்தானே போன கண்ணு?" தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன்.

முதலாளியம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று செக்கிங் பெண்கள் நான்கு பேரும் போன் குரூப்பில் மட்டும்தான் பேசினோம். மதியம் சூ. சிரித்துக்கொண்டே, "முதலாளியம்மாகிட்டப் போறவங்க சனிக்கிழமையோட நின்னுக்கலாம்."

யார் சொன்னது?

நவ. 11
சூ. ஆன்லைனில் வரும் நேரமும், அப்போது குரூப்பில் மற்ற மூவரில் யார் வருகிறார்கள் என்பதும் குறிக்கிறேன்.
1.05 சூ. 1.06 பர்வீன்.
4.30 சூ. 4.30 பர்வீன்.
மற்ற இருவர் இல்லை.

என் டிபனில் பாதி தினமும் பர்வீனுக்கு. இன்று தரவில்லை. "கோவமா புள்ள?" குனிந்துகொண்டேன்.

நவ. 12
வெயில். பர்வீன் தனியாகச் சாப்பிட்டாள்.

நெட் சீக்கிரம் தீர்கிறதே என்று செட்டிங்ஸ் பார்த்தேன். குரூப் இருக்கும் என் கணக்கோடு ஒரு கம்ப்யூட்டர் இணைந்திருக்கிறது. கடைசியாக: இன்று 4.31. எனக்கு ஏது கம்ப்யூட்டர்?

போன மாதம் சூ. ஆபீஸ் ரூமில் என் போனை வாங்கி, "அட்டென்டன்ஸ் ஆப் போட்டுத் தரேன், விரல வை கண்ணு." வைத்தேன். போனைக் கம்ப்யூட்டர் பக்கம் நீட்டி, இன்னொரு தடவை என்றார். வைத்தேன்.

1.05 சாப்பாட்டு நேரம். 4.30 டீ. அப்போது நானும்தான் ஆன்லைன். காட்டிக்கொடுத்தது என் போன்.

நவ. 13
பர்வீனிடம் காட்டினேன். அழுகை வந்தது எனக்குத்தான். அவள் என் டிபனைப் பிடுங்கிக்கொண்டாள். "ரெண்டு நாள் பட்டினி போட்டியே புள்ள. அந்தக் கம்ப்யூட்டர எடுத்துராத. இருக்கட்டும்."

நவ. 14
1.05. குரூப்பில் எழுதினேன்: "பாத்ரூம் சாவிக்கு டூப்ளிகேட் போட்டாச்சு. வாசல்ல பிளீச்சிங் பவுடர் டப்பாக்குள்ள இருக்குது." அப்படிச் சாவியே கிடையாது.

பள்ளியை விட்டு இங்கே வந்ததிலிருந்து முதலாளியம்மாவிடம் பேசியதில்லை. போனை அவர் கையில் கொடுத்தேன். "அக்கா, இத சூப்பர்வைசர் சார் படிப்பாருங்க. வந்து பாருங்க." வந்தார். அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் நின்றோம்.

1.20. சூ. வேகமாக வந்தார். டப்பாவைத் திறந்து முழங்கை வரை விட்டுத் துழாவினார். கை முழுக்க வெள்ளை.

முதலாளியம்மா போனைப் பார்த்தார். சூ.வைப் பார்த்தார்.

"அங்க என்னங்க தேடறீங்க?"