எதிரெதிரே இரண்டு வென்டிலேட்டர்கள்

பாய்,

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துவது என்று இந்த வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வீட்டில் நான் ஒருவன் மட்டுமே என்பதால் விவாதம் நீளவில்லை. முன்மொழிந்தது என் துண்டு. காலையில் துவட்டி மாட்டியது மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருந்தது. முகத்தில் வைத்தால் நனைந்த சாக்கின் வாடை. கூரை மூலையிலிருந்து கதவு நிலை வரை இறங்கி வந்திருந்த கரும்புள்ளிகள் தீர்மானத்தை வழிமொழிந்தன.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். அன்னூர்க்காரர். ஸ்டூலில் ஏறி வென்டிலேட்டரைப் பார்த்தார்.

“ஏனுங்க, இந்தக் கண்ணாடியெல்லாம் எப்பங்க மூடுனீங்க?”

“ஒண்ணரை வருசமாச்சுங்க.”

“தெனமும் சுடுதண்ணி ஆவி, வெளிய போக வழியில்லை. பின்ன பூஞ்சை எங்கீங்க போகும்? அதுக்கும் ஒரு ஊடு வேணுமில்லீங்களா?” துருவேறிய பிடியை அசைத்துப் பார்த்தார். “ஃபேனே வேண்டாமுங்க. இதத் தொறந்து வெச்சாலே காஞ்சுபோகும்.”

நல்ல மனிதர். தன் பிழைப்புக்கு எதிராகவே உண்மை பேசினார். ஆனால் என்னால் அதைத் திறக்க முடியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உக்கடம் பக்கத்துத் தெருக்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே இரண்டடி விட்டாலே தாராளம். அந்த இரண்டடிச் சந்துக்கு மேலே, உங்கள் குளியலறை வென்டிலேட்டரும் என்னுடையதும் நேருக்கு நேர். பத்து வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் நான் விடாமல் தும்மிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் குரல் வந்தது. “ஏனுங்க சார், பதினொண்ணு ஆச்சுங்க. மொளகுத் தண்ணி வெச்சுக் குடிங்க.” என் தும்மலை எண்ணியிருக்கிறீர்கள்.

அன்று தொடங்கியது. தினமும் காலை ஆறு மணி, ஆளுக்கு ஒரு வாளி. உடம்பில் துணியில்லாத இரண்டு ஆண்கள், இடையே இரண்டு சுவர்கள், வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’. மரியாதைக்கு ஆடை அவசியமில்லை என்பதை நம் ஊரில் நாம் இருவரும்தான் நிரூபித்திருப்போம். உங்கள் மகள் புகுந்த வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்ததை அங்கேதான் சொன்னீர்கள். என் மனைவியைப் பற்றி டாக்டர் சொன்னதை நான் முதலில் சொன்னதும் அங்கேதான். அவள் போன பிறகு ஒரு வாரம் எனக்குப் பேச்சு வரவில்லை. நீங்களும் பேசவில்லை. குளிக்கிற மக்கால் வாளியை இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். நானும் தட்டுவேன். அதுவே போதுமாக இருந்தது.

தெருவில் பார்த்தால் மட்டும், “வாங்க, சௌக்கியமுங்களா?” என்பீர்கள், அரை மணி நேரம் முன்புதான் பேசி முடித்திருந்தாலும். “இருக்கேனுங்க” என்பேன். எங்கே வைத்துப் பேசிக்கொள்கிறோம் என்று பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் இருவருக்கும். ஒருமுறை நான் துணிந்து, “ஊட்டுக்கு வந்து ஒரு டீ குடிக்கலாமில்லீங்களா?” என்றேன்.

“வந்தா, சட்டையப் போட்டுட்டு என்னத்தீங்க பேசறது?” என்றீர்கள்.

உங்களை அடக்கம் செய்த நாளில் உங்கள் வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகன் வந்து, “அத்தாவுக்குப் பழக்கமுங்களா?” என்று கேட்டார். எங்கே பழக்கம் என்று அடுத்துக் கேட்டுவிட்டால்? “பக்கத்து ஊடுங்க” என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

மறுநாள் ஆறு மணிக்கு எதிர்ப்பக்கம் சத்தமில்லை. அந்தச் சத்தமின்மை உள்ளே வராமலிருக்கக் கண்ணாடிகளை மூடினேன். உள்ளே இருப்பதும் வெளியே போகாது என்பது அப்போது தோன்றவில்லை. பிறகு உங்கள் வீட்டுக்கு யாரோ குடிவந்தார்கள். மூடிய கண்ணாடியையும் மீறி, ஆறு மணிக்கு வேறொருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

“ஃபேனே போடுங்க” என்றேன் எலக்ட்ரீஷியனிடம்.

“சத்தம் வருமுங்க.”

“வரட்டுங்க.”

பத்து நாளில் கூரை காய்ந்தது. துண்டும் காய்கிறது. பதினோராம் நாள், உங்கள் வீட்டில் குடியிருப்பவர் என் கதவைத் தட்டினார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். உங்க ஃபேன் ஆவி பூரா எங்க பாத்ரூமுக்குள்ள வருதுங்க. குளிச்சு முடிச்சா மறுக்கா வேர்க்குதுங்க.”

மன்னிப்புக் கேட்டேன். உடனே கிளம்பினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பார். “எங்க ஊட்ல முன்னாடி இருந்த பாய உங்களுக்குப் பழக்கமுங்களா?” என்றார்.

“என்ற சிநேகிதருங்க” என்றேன். “தெனமும் பேசிக்குவோமுங்க.”

அந்தச் சொல்லை நான் வெளியே சொன்னது அதுவே முதல் தடவை, பாய். நினைத்த அளவுக்குக் கூச்சமாக இல்லை.

“அப்படீங்களா! எங்கீங்க, டீக்கடைலீங்களா?”

“குளிக்கறப்பங்க.”

அவர் ஓரடி பின்னால் வைத்தார். “சரிங்க, வாரேனுங்க” என்று இறங்கிப் போனார்.

அன்று மாலை அவர்கள் பக்க வென்டிலேட்டரை அட்டை வைத்து மூடிவிட்டார்கள்.